பஞ்சர் சாமான்கள்: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விடலாம்

யாழ்ப்பாணத்தில் ஓடுகிற வாகன்ஆர், வெசல், ஃபிற் போன்ற ஜப்பான் வாகனங்களில் கனக்க வாகனங்களுக்கு ஸ்பெயார் சில்லு கிடையாது. டிக்கிப் பலகையைத் தூக்கினால் ஒரு ஸ்பொஞ்சுத் தட்டு, அதில் பஞ்சர் துவாரத்தை உள்ளேயிருந்து அடைக்கிற ஒரு பசைப் போத்தல், உள்ளங்கை அளவில் காத்தடிக்கிற ஒரு கொம்பிரசர், ஜப்பான் எழுத்தில் ஒரு தாள். அவ்வளவுதான். வாகனத்தை வாங்கி வருடக்கணக்காகியும் அந்தப் பலகையைத் தூக்கிப் பார்க்காதவர்கள் ஏராளம்.

முதலில் அந்தப் போத்தலின் திகதியைப் பாருங்கள். இந்தப் பசையின் ஆயுள் பொதுவாக நாலைந்து வருடம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே அந்தத் தடைக்கு முன் வந்த வாகனத்தோடு வந்த போத்தல் இன்றைக்குக் காலாவதியாகித்தான் இருக்கும். பழைய பசை போத்தலுக்குள்ளேயே பிரிந்து கட்டிபட்டு, வால்வுக்குள் இறங்காமல் குழாயை அடைத்து நிற்கும். அதை நம்பிப் பயணம் போவதும் ஒன்றும் இல்லாமல் போவதும் ஒன்றுதான்.

கீழே உள்ள சாமான்கள் எல்லாம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் உதிரிப்பாகக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற வகைகள். பல ஒரே தொழிற்சாலையில் செய்து வேறு வேறு பெயர் ஒட்டி வருபவை என்பதால், பெட்டியில் உள்ள பெயரை விட்டு வகையை வைத்தே தரம் பிரிக்கலாம். அளவுகோல் ஒன்றே: இரவு எட்டு மணிக்குப் பிறகு, மன்னார் வீதியில் பூநகரி தாண்டி வெள்ளாங்குளம் பக்கம் காத்துப் போனால், இந்தச் சாமான் உங்களை அடுத்த ஊர் மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்குமா? திருநெல்வேலிச் சந்தியில் காத்துப் போனால் எந்தச் சாமானும் தேவையில்லை. நடக்கிற தூரத்தில் ரயர் கடை இருக்கும்.

ஒரே ஒரு சாமானுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் 12 வோல்ற் கொம்பிரசரை வாங்குங்கள். பஞ்சர்களில் பெரும்பங்கு ஆணியோ ஸ்குறூவோ ரயரில் ஏறி உள்ளேயே நின்று காத்தை மெல்ல மெல்ல விடுகிறவை. தகரக் கூரைக்கு அடிக்கிற ஸ்குறூ, வேலி முட்கம்பித் துண்டு, வீடு கட்டுகிற இடத்து ஆணி என்று இங்கே அதற்குக் குறைவில்லை. அப்படி ஏறிய ஆணியைப் பிடுங்காமல் காத்தை மட்டும் நிரப்பினால், இருபது முப்பது கிலோமீற்றர் ஓடி, இறங்கிப் பார்த்து, திரும்ப நிரப்பி ஓடலாம். ஜக் தேவையில்லை, சில்லுக் கழற்றத் தேவையில்லை, வெள்ளைச் சேட்டும் அழுக்காகாது.

கொம்பிரசரில் மூன்று வகை. லைற்றர் துவாரத்தில் செருகுகிற ஒற்றைச் சிலிண்டர் வகைதான் கார் வைத்திருப்பவர்களுக்குத் திறம். இதிலும் பிளாஸ்ரிக் உடம்புக்குள் பொம்மை மோட்டார் வைத்த மலிவுச் சாமான் உண்டு. கையில் தூக்கிப் பாருங்கள்: பாரம் இல்லாதது வேண்டாம். சிலிண்டர் தலை வெளியே தெரிகிற, அலுமினிய உடம்புள்ள வகை சூட்டைத் தாங்கும். நல்லதொன்று வாகன்ஆரின் 155/65 ஆர் 14 ரயரை வெறுமையிலிருந்து 35 பி.எஸ்.ஐ. (காத்து அமுக்கத்தின் அளவு) வரை ஐந்து நிமிடம் அளவில் நிரப்பும். மலிவுச் சாமானுக்குப் பத்து நிமிடமும் போதாது. இடையில் சூடேறி நின்றும் விடும். எதுவானாலும் பத்து நிமிடம் தொடர்ந்து ஓடினால் அதே அளவு நேரம் ஆறவிட வேண்டும். குழாயின் பித்தளை முனை கையைச் சுடும் என்பதால் கழற்றும்போது ஒரு துணி கையில் இருக்கட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. வயரும் காத்துக் குழாயும் சேர்ந்து பின் வலப்பக்கச் சில்லு வரை எட்டுமா என்பது ஒன்று. லைற்றர் துவாரம் முன்னுக்கு இருப்பதால் மூன்று மீற்றருக்குக் குறைந்த வயர் உதவாது. மற்றது வால்வில் பூட்டும் முனை. திருகிப் பூட்டுகிற முனை காத்தை விடாது, ஆனால் கழற்றித் திருப்பி எடுக்கிற நேரத்தில் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. போகும், அதற்காக இரண்டு கூட அடியுங்கள். நெம்பு வைத்த முனை கழற்றச் சுகம், ஆனால் மலிவுச் சாமானில் அதன் ரப்பர் வளையம் சீக்கிரம் தேய்ந்து சீறும்.

கொம்பிரசரில் உள்ள அமுக்கமானியைக் கண்ணை மூடி நம்பக்கூடாது. மலிவானவற்றில் மூன்று நாலு பி.எஸ்.ஐ. கூடக் குறையக் காட்டுவது வழமை. ஒருமுறை நல்ல மானி உள்ள ரயர் கடையில் நிரப்பிவிட்டு, உடனே உங்கள் கொம்பிரசரைப் பூட்டிப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று உடம்பில் மார்க்கரால் எழுதி வைத்தால் தீர்ந்தது. சாரதிக் கதவுத் தூணில் உள்ள ஸ்ரிக்கர் கிலோபாஸ்கலில் இருக்கும்: 220 என்றால் 32 பி.எஸ்.ஐ., 240 என்றால் 35. இது ரயர் ஆறியிருக்கும்போது உள்ள அளவு. கிளிநொச்சியிலிருந்து வெயிலில் ஓடிவந்த ரயரில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், அதைக் கண்டு காத்தைத் திறந்து விடாதீர்கள்.

பியூஸ் விசயம் ஒன்று. லைற்றர் துவாரம் பெரும்பாலும் 120 வற்றுக்குத்தான், அதாவது 10 அம்பியர். ஒற்றைச் சிலிண்டர் கொம்பிரசர் இதற்குள் மட்டுமட்டாக அடங்கும். எஞ்சினை ஓடவிட்டு, ஹைபிரிட் என்றால் றெடி நிலையில் வைத்து, ஏசியை நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும். ஒரு மேலதிக 15 அம்பியர் பியூஸும் பெட்டியில் கிடக்கட்டும், ஆனால் பியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருக்கிற அளவைத் தாண்டிப் போட வேண்டாம்.

இரண்டாவது வகை, பற்றரியில் நேரே கிளிப் போடுகிற இரட்டைச் சிலிண்டர். கேடிஎச் வான், டபிள் கப் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரி. அந்த அளவு ரயரை ஒற்றைச் சிலிண்டரால் நிரப்பக் காத்திருந்தால் விடிந்துவிடும். அக்குவா, பிரியஸ் காரருக்கு இது தேவையில்லாத அலைச்சல். அவற்றில் அனேகமானவற்றின் 12 வோல்ற் பற்றரி பின்னால் இருக்கிறது. மூன்றாவது, சார்ஜ் பண்ணுகிற கைக் கொம்பிரசர். பார்க்க வடிவு, இலக்கத்தில் அமுக்கம் காட்டும், வைத்த அளவில் தானே நிற்கும். மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் இதை விடத் திறமான சாமான் இல்லை. காருக்கு மட்டும் பிரச்சினை: ஒரு சார்ஜில் ஒரு சின்னக் கார் ரயரை வெறுமையிலிருந்து நிரப்பவே சில வகைகள் திணறும். அதைவிட, இங்கத்தைய வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் மாதக்கணக்காகக் கிடந்தால் லிதியம் பற்றரி வயிறு வீங்கிச் செத்துவிடும். வீட்டில் வைத்து, பயணம் போகும்போது சார்ஜ் ஏற்றி எடுத்துப் போகிறவருக்கே அது.

எந்தக் கொம்பிரசராலும் ஏலாத ஒன்று உண்டு. காத்தில்லாமல் ஓடி, ரயரின் விளிம்பு றிம்மை விட்டு உள்ளே இறங்கியிருந்தால், சின்னக் கொம்பிரசரின் காத்து வரத்து அதை வெளியே தள்ளப் போதாது. ஆகவே ஸ்ரெயறிங் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கியதும் நிற்பாட்டுங்கள். அடுத்த கிலோமீற்றர் கல்லைத் தேடிப் போனால் ரயரின் பக்கச் சுவர் அரைபட்டு, நூறு ரூபா ஆணிக்கு ஒரு புது ரயர் வாங்க வேண்டி வரும்.

துவாரம் பெரிதாகி, நிரப்ப நிரப்பக் காத்துப் போகிறது என்றால் அடுத்தது ரப்பர் திரி செற். ரியூப் இல்லாத ரயருக்கு மட்டும். செற்றில் முறுக்கு அரம் ஒன்று, சாக்குத் தைக்கிற கோணி ஊசி போல நுனியில் கண் வைத்த ஊசி ஒன்று, பத்து சென்றிமீற்றர் அளவில் ஐந்தோ ஆறோ மண்ணிறத் திரிகள், சிலவற்றில் ரப்பர் பசை. விலை மலிவு, ஆனால் பிளாஸ்ரிக் கைபிடி வைத்த செற்றைத் தொடவே வேண்டாம். ரயருக்குள் இரும்புக் கம்பி வலை இருக்கிறது. அதைத் துளைக்க உடம்புப் பாரம் முழுக்கக் கைபிடியில் இறங்கும். பிளாஸ்ரிக் முறிந்தால் ஊசி உள்ளங்கையில் ஏறும். வார்ப்பு இரும்புக் கைபிடி உள்ள செற் கொஞ்சம் கூட விலைதான், கொடுக்கலாம்.

செய்கிற முறை இது. சில்லைக் கழற்றாமலே செய்யலாம்: முன் சில்லு என்றால் ஸ்ரெயறிங்கை முழுக்க வெட்டி ரயர் முகத்தை வெளியே கொண்டு வாருங்கள். பின் சில்லு என்றால், ஆணி கைக்கு எட்டுகிற பக்கவாட்டுக்கு வரும்வரை வாகனத்தை அங்குலம் அங்குலமாக உருட்டி, மற்றச் சில்லுக்குக் கல் வையுங்கள். ஆணியைக் குறட்டால் இழுக்கு முன் அது எந்தச் சரிவில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரத்தை அதே சரிவில் திருகி இறக்கி, பத்துத் தரமாவது மேலும் கீழும் இழுக்க வேண்டும். எல்லோரும் பிழைவிடுகிற இடம் இதுதான்: துவாரம் பெருத்துவிடும் என்ற பயத்தில் இரண்டு தரம் அராவிவிட்டு விடுவார்கள், பிறகு திரி உள்ளே போகாது. இரும்பு வலையின் வெட்டிய கம்பி நுனிகளை மழுக்காவிட்டால் அவை ஓட ஓடத் திரியை அறுக்கும்.

திரியை ஊசிக் கண்ணில் பாதி பாதியாக வரும்படி கோர்த்து, பசை பூசி, இரண்டு வாலும் ஒன்றரை சென்றிமீற்றர் வெளியே நிற்கும்வரை அழுத்துங்கள். திருகக்கூடாது. பிறகு ஒரே இழுவையில் நேரே வெளியே இழுக்க, திரியின் மடிப்பு உள்ளே நிற்க ஊசி மட்டும் வரும். மெல்ல இழுத்தால் திரியும் சேர்ந்து வந்துவிடும். மிஞ்சிய வாலை ரயர் முகத்திலிருந்து மூன்று மில்லிமீற்றர் விட்டு பிளேட்டால் வெட்டி, காத்து நிரப்பி, சவர்க்காரத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழ் வந்தால் பக்கத்தில் இன்னொரு திரி. அதற்கும் நிற்கவில்லை என்றால் துவாரம் ஆறு மில்லிமீற்றருக்கு மேல், திரிக்குரிய வேலையல்ல.

தோள்ப் பகுதியிலும் பக்கச் சுவரிலும் திரி போடக்கூடாது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரியும், திரியைக் கக்கிவிடும். கல்லில் வெட்டுப்பட்ட பக்கச் சுவருக்கு வீதியில் மருந்தே இல்லை, ஸ்பெயார் சில்லு ஒன்றுதான். பழைய திரி காய்ந்தால் விரலில் ஒட்டாது. வருடத்துக்கு ஒருமுறை கிள்ளிப் பாருங்கள்.

காத்தும் பசையும் சேர்த்துத் தகர டப்பாவில் வருகிற ஸ்பிறே வகையைக் கடையிலேயே விடுங்கள். ஒரு டப்பா ஸ்கூட்டர் ரயருக்குப் போதும், கார் ரயரை அரைவாசிக்குத்தான் தூக்கும். டப்பாவிலேயே 50 பாகை செல்சியசுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அதற்கு மேலே போகும். போத்தல் பசை புதிதாக வாங்குவதானால் திகதி பார்த்து வாங்குங்கள். வாகனத்தோடு வந்த கிற்றுகளில் பலவற்றுக்கு வால்வுக் கட்டையை (வால்வுக்குள் திருகியிருக்கிற சின்ன ஊசித் துண்டு) கழற்றிவிட்டுத்தான் பசையை ஊற்ற வேண்டும், அதற்கான சின்னச் சாவி தட்டின் மூலையில் இருக்கும். ஊற்றி நிரப்பியதும் உடனே ஐந்து கிலோமீற்றர் ஓடி நின்று அமுக்கம் பாருங்கள். 19 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த ரயரில் அதற்கு மேல் ஓட வேண்டாம். நின்றிருந்தால் திரும்ப நிரப்பி 80 கிலோமீற்றர் வேகத்துக்குள் ரயர் கடைக்கு. பசை ஊற்றியிருக்கிறது என்று கடைக்காரரிடம் முதலே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் கழற்றும்போது அவர் முகத்தில்தான் பீச்சும்.

இனி ஸ்பெயார் சில்லு. மன்னார் வீதி, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகிற வீதி, தீவுப் பக்கம் என்று அடிக்கடி ஓடுகிறவர் முழு அளவுச் சில்லு ஒன்றைத் தேடத்தான் வேண்டும். வாகன்ஆருக்கு நாலு நட், நட்டுகள் நிற்கிற வட்டம் 100 மில்லிமீற்றர், நடுத் துவாரம் 54. விற்ஸ் சில்லும் அதே வட்டம்தான், பூட்டலாம். ஆனால் அதன் 165/70 ஆர் 14 ரயரின் உயரம் 587 மில்லிமீற்றர் வரும், உங்கள் 155/65 ஆர் 14 வெறும் 557. ஐந்து வீத வித்தியாசம். முன் சில்லுகள்தான் வாகனத்தை இழுப்பவை. அங்கே ஒன்று பெரிதும் ஒன்று சிறிதும் என்றால் இரண்டு சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கிற டிபறென்சியல் ஓய்வில்லாமல் அரைபடும். அப்படியான சில்லைப் பின்னுக்குத்தான் பூட்ட வேண்டும். முன்னுக்கு பஞ்சர் என்றால் பின் சில்லைக் கழற்றி முன்னுக்கும், ஸ்பெயாரைப் பின்னுக்கும் மாற்றுங்கள். இரட்டை வேலைதான், வேறு வழியில்லை. மெல்லிய தற்காலிகச் சில்லுக்கும் இதே விதி. அதற்கு 60 பி.எஸ்.ஐ. காத்து, 80க்கு மேல் ஓடக்கூடாது என்று சில்லிலேயே எழுதியிருக்கும். அந்த 60ஐ யாரும் பார்ப்பதில்லை. ஐந்து வருடம் டிக்கிக்குள் கிடந்த சில்லில் 20கூட இராது. இதற்காகவும் கொம்பிரசர்தான் முதல் என்பது.

றீகண்டிசன் சில்லு வாங்கும்போது பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பத்து வருடம் தாண்டியதென்றால், பூ முழுக்க இருந்தாலும் வேண்டாம். வாகன்ஆரில் சில்லு வைக்கக் குழி இல்லை என்பதால் டிக்கியில் படுக்க வைத்து பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். பன்னிரண்டு கிலோ அளவான இரும்பு அது. பிறேக் பிடித்தால் பின் சீற்றில் இருக்கிற பிள்ளையின் தலைக்குத்தான் வரும்.

கேடிஎச் வான்காரருக்கு வேறு தலையிடி. சில்லு பின்னுக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது. பண்ணைப் பாலம், ஆனையிறவு, சங்குப்பிட்டி என்று உப்புக் காத்தில் ஓடி, அந்தச் சங்கிலிச் சக்கரம் துருவில் இறுகிப் போகும். தேவைப்படுகிற அன்றைக்கு இறங்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுக்க இறக்கி, சங்கிலியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கிறீஸ் பூசி ஏற்றுங்கள். அந்த நேரத்திலேயே காத்தையும் பார்த்துவிடலாம்.

சில்லு இருந்தும் கழற்ற முடியாமல் நிற்கிறவர்கள்தான் கூட. ரயர் கடையில் காத்துத் துவக்கால் நட்டை இறுக்கிவிடுவார்கள். ரொயோட்டா நட்டுக்கு 103 நியூற்றன் மீற்றர், ஹோண்டாவுக்கு 108 போதும். துவக்கு இரட்டிப்பாக இறுக்கும். வாகனத்தோடு வந்த கால் மீற்றர் சாவியில் அதைக் கழற்ற எண்பது கிலோ பாரம் வேண்டும். அரை மீற்றருக்கு நீள்கிற இழுவைச் சாவியில் நாற்பது போதும். கூட்டல் வடிவச் சாவியும் நல்லதுதான், ஆனால் வாகன்ஆர் டிக்கியில் இடம் பிடிக்கும். ஹோண்டாவுக்கும் சுசுகிக்கும் 19 சொக்கற், ரொயோட்டாவுக்கு 21. அலோய் சில்லுக்குப் பூட்டு நட் போட்டிருந்தால் அதன் சாவித் துண்டு எங்கே என்று இன்றைக்கே தேடுங்கள். வாங்கிய அன்றே தொலைந்திருக்கும்.

போத்தல் வடிவ ஜக்கைக் காருக்கு வாங்க வேண்டாம். அதன் ஆகக் குறைந்த உயரமே இருபது சென்றிமீற்றர் அளவில் வரும், காத்துப்போன வாகன்ஆரின் ஓரம் அதற்கு மேல் நிற்காது. கத்தரி ஜக்தான், வாகன ஓரத்தின் கீழ் விளிம்பில் உள்ள இரண்டு வெட்டுக்கு நடுவில் வைக்க வேண்டும். வன்னி வீதி ஓரம் மணல் என்பதால், ஒரு அடி நீளப் பனஞ்சிலாகைத் துண்டு இரண்டைக் குறுக்காக ஆணியடித்து டிக்கியில் போட்டு வையுங்கள். அது இல்லாமல் ஜக்கைச் சுற்றினால் வாகனம் எழும்பாது, ஜக்தான் புதையும். நட்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும். உப்பில் பிடித்துப் போன சில்லு நட் கழற்றியும் வராது. அப்போது நட்டுகளைத் திரும்பக் கையால் பூட்டி, ஒரு சுற்றுத் தளர்வாக விட்டு, ஜக்கை இறக்கி, வாகனத்தை ஒரு அடி முன்னும் பின்னும் அசைத்தால் படாரென்று விடும். தூக்கிய வாகனத்துக்கு அடியில் காலை நீட்டி உதைக்க வேண்டாம்.

ரியூப் உள்ள சீடி 100 போன்ற மோட்டார் சைக்கிளுக்குத் திரி செற் வெறும் பாரம். அதற்கு ஒரு பின் ரியூப், இரண்டு ரயர் நெம்பு, கால் பம், பின் அச்சுக்குரிய சாவி. பின் ரியூப் அவசரத்துக்கு முன்னுக்கும் போகும். டியோ போன்ற ரியூப் இல்லாத ஸ்கூட்டருக்குத் திரியும் கைக் கொம்பிரசரும். கார் கொம்பிரசரை ஸ்கூட்டர் பற்றரியில் மாட்டினால் ரயர் நிரம்ப முதல் பற்றரி இறங்கிவிடும். ஓட்டோவின் சில்லு இரண்டு துண்டு றிம்மைச் சேர்த்து நட் போட்டது. சில்லைக் கழற்றும் நட் வேறு, றிம் துண்டுகளைச் சேர்த்த நட் வேறு. காத்து இருக்கும்போது இரண்டாவதில் சாவி வைத்தால் றிம் வெடித்துப் பிரியும். வால்வுக் கட்டையைக் கழற்றி முழுக் காத்தையும் விட்டபிறகுதான் அதில் கை வைக்கலாம்.

பெட்டியை நிரப்ப இன்னும் சில: தலையில் கட்டுகிற ரோச், ஒளிதெறிக்கிற முக்கோணம், குறடு, இரண்டு வால்வுக் கட்டை, தடித்த கையுறை, சின்னப் போத்தலில் சவர்க்காரத் தண்ணீர். முக்கோணத்தை வாகனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை, ஐம்பது மீற்றர் பின்னுக்கு வையுங்கள். ஏ9 வீதியில் இரவு பஸ் வருகிற வேகத்துக்கு அதுவும் மட்டுமட்டுத்தான். வீதிப் பக்கச் சில்லு என்றால் அதே இடத்தில் மினைக்கெட வேண்டாம். கொம்பிரசரால் கொஞ்சம் நிரப்பி, முறிகண்டி போல வெளிச்சமும் இடமும் உள்ள பக்கத்துக்கு ஊர்ந்து போய்ச் செய்யுங்கள்.

திரி போட்ட ரயரை அடுத்த நாளே கடையில் கழற்றி, உள்பக்கமிருந்து காளான் ஒட்டு (தண்டோடு காளான் வடிவில் வருகிற ரப்பர் ஒட்டு) போடச் சொல்லுங்கள். வெளியிலிருந்தே இன்னொரு திரி போட்டுத் தருகிறேன் என்கிற கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள். ரயரின் உள்பக்கத்தைப் பார்த்தால்தான் காத்தில்லாமல் ஓடிய அடையாளம் தெரியும். பக்கச் சுவரின் உள்முகத்தைச் சுற்றிக் கறுப்புத் தூள் கொட்டியிருந்தால், ஒட்டு எவ்வளவு திறமாக இருந்தாலும் அந்த ரயர் முடிந்துவிட்டது.